கனவில் கிடைத்த முத்துமாலை

முத்துசாமி தீட்சிதர் பிறப்பதற்கு முன், அவருடைய தந்தை ராமசாமி தீட்சிதர் வைத்தீசுவரன்கோவிலில் ஒரு கனவு கண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது, பிள்ளை இல்லை. மனைவியோடு அந்தத் தலத்துக்குப் போய் 45 நாள் விரதம் இருந்தார். அங்குள்ள அம்மனைத் தமிழில் தையல்நாயகி என்பார்கள், வடமொழியில் பாலாம்பிகை என்பார்கள். விரதக் காலத்தில் ஓர் இரவு அந்த அம்மன் கனவில் தோன்றி, அவருக்கு ஒரு முத்துமாலையை அளித்து மறைந்தாள். பின்னர் திருவாரூரில் பிறந்த ஆண் குழந்தைக்கு, வைத்தீசுவரன்கோவிலில் எழுந்தருளியிருக்கும் முருகனாகிய முத்துக்குமாரசாமியின் பெயரை வைத்தார்கள். கர்நாடக இசையின் மூவருள் ஒருவராக அந்தக் குழந்தை வளர்ந்தது.

இந்தக் கனவை அச்சில் ஏற்றிய ஊர் எட்டயபுரம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை அமைந்த தூத்துக்குடி மாவட்டத்தில், முத்துக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் மண்ணில் இருக்கிறது அந்தப் பழைய பாளையம். அங்கே அரண்மனை வித்துவானாக இருந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலை வெளியிட்டார். இசைப் புலவர்களின் வரலாறுகளும் அந்த நூலில் உண்டு. தீட்சிதர் குடும்பத்துச் செய்திகளைப் பிற்காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதிலிருந்தே எடுத்தார்கள்.

கனவு கண்ட காலத்துக்கும் அச்சேறிய காலத்துக்கும் இடையே சுமார் 130 ஆண்டுகள். இவ்வளவு இடைவெளி கடந்து வந்த செய்தியை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. விடை ஆண்டுக் கணக்கில் இல்லை, ஆள் கணக்கில் இருக்கிறது. ராமசாமி தீட்சிதர் 1817 வரை வாழ்ந்தார். அவருடைய கடைசி மகன் பாலுசாமி தீட்சிதர் 1786இல் பிறந்து 1858இல் மறைந்தார். சுப்பராம தீட்சிதர் பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவராலேயே சுவீகாரம் எடுத்து வளர்க்கப்பட்டவர், 1839இல் பிறந்தவர். ஆக, கனவு கண்டவருக்கும் அதை எழுதியவருக்கும் நடுவே நின்றவர் ஒரே ஒருவர். தந்தையின் வாயால் கேட்டிருக்கக்கூடிய மகன், தன் பேரனுக்குச் சொல்லியிருக்கக்கூடிய தாத்தா. இசை வரலாற்றில் பேசப்படும் அதிசயங்களில் பல, யார் யாரிடம் சொன்னார் என்பதே தெரியாமல் ஊர்வாயில் வளர்ந்தவை. இந்தக் கனவுக்கு அந்தக் குறை இல்லை. ராமசாமி தீட்சிதர் தூக்கத்தில் என்ன கண்டார் என்பதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது; அந்த வீட்டில் அந்தக் கனவு சொல்லப்பட்டு வந்தது என்பதை ஐயப்படக் காரணமில்லை.

காலத்தையும் ஓரளவு குறித்துக் காட்டலாம். முத்துசாமி பிறந்தது மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். இதைப் பலரும் 1775 மார்ச் 24 என்று எழுதிவிட்டார்கள். மன்மத ஆண்டு 1775 ஏப்ரலில் தொடங்கி 1776 ஏப்ரலில் முடிந்தது. அதன் பங்குனி மாதம் 1776இல்தான் வரும். எனவே சரியான பிறந்த ஆண்டு 1776. கனவு 1775இன் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்று முன்போ வந்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுச் சுற்று ஒருமுறை முடிந்து, அடுத்த மன்மத ஆண்டில், 1835 தீபாவளியன்று அவர் எட்டயபுரத்தில் மறைந்தார்.

அது சோழமண்டலத்துக்குக் கெட்ட காலம். 1773இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து, மன்னர் துளசாவைச் சிறை வைத்தார். திருவாரூரும் வைத்தீசுவரன்கோவிலும் இருந்த நாடு மூன்று ஆண்டுகள் நவாபின் கையில் இருந்தது. 1776 ஏப்ரலில் சென்னை கவர்னர் பிகட் தஞ்சாவூருக்கு வந்து துளசாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். முத்துசாமி பிறந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. கோயில்களையும் வித்துவான்களையும் காத்த அரசு ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் வழிபாட்டு இசையை முறைப்படுத்தியவரும் அம்சத்வனி ராகத்தை உருவாக்கியவருமான ஒரு பெரிய வித்துவான், தன் வித்தைக்கு வாரிசு இல்லையே என்று 45 நாள் கோயிலில் கிடந்தார். இந்த நிலையை மனத்தில் கொள்ளாமல் கனவை மட்டும் எடுத்துப் பேசினால் அது வெறும் அதிசயக் கதையாகிவிடும்.

கோயிலில் தங்கிக் கனவுக்குக் காத்திருப்பது உலகின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். பழங்கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்னும் ஊரில் மருத்துவத் தெய்வமான அஸ்கிளெப்பியசின் கோயில் இருந்தது. நோயாளிகள் நீராடி, பலி கொடுத்து, அதற்கென்று அமைந்த மண்டபத்தில் இரவில் படுப்பார்கள். தெய்வம் கனவில் வந்து மருந்து சொல்லும், சில வேளை தானே தொட்டுக் குணமாக்கும் என்று அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. வைத்தீசுவரன்கோவிலும் மருத்துவத் தலம். அங்குள்ள சிவனின் பெயரே வைத்தியநாதர். தீராத நோய், பிள்ளையின்மை, செவ்வாய் தோசம் என்று வருகிறவர்கள் இன்றும் அங்கே தங்குகிறார்கள். அர்த்தசாம பூசையில் முத்துக்குமாரசாமிக்குப் புனுகு சாத்துவார்கள். அதைப் புழுகாப்பு தரிசனம் என்று சொல்லி, கண் விழித்திருந்து பார்த்துவிட்டுத்தான் பலர் படுக்கப் போவார்கள். முருகனுக்கு நடக்கும் அந்த ஆராதனை முடிந்த பிறகே சுவாமி சந்நிதியில் அர்த்தசாமம். நாள் முழுதும் பட்டினி, இரவில் கடைசியாகக் கேட்கும் பெயர் முத்துக்குமாரன், அதே கோயிலில் அம்மன் சந்நிதி. இப்படி 45 நாள் கழித்த ஒருவரின் கனவில் அம்மனும் முத்தும் சேர்ந்து வருவது இயல்பே.

தூக்கத்தைப் பற்றிய இன்றைய அறிவும் இதற்கு ஒத்துப்போகிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், மூடிய இமைக்குள் கண் விரைந்து அசையும் ஒரு தூக்க நிலையைக் கண்டு எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் தெளிவான, நிறமும் உருவமும் உள்ள கனவுகளைச் சொன்னார்கள். இந்த நிலை இரவின் பிற்பகுதியில் நீளும். விடியற்காலைக் கனவு நன்றாக நினைவில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். விழித்திருக்கும்போது மனம் பற்றிக்கொண்டிருந்த பொருள்கள் உருமாறிக் கனவில் வருகின்றன என்பதும் ஆய்வாளர்கள் ஏற்றது. இந்த விளக்கத்தால் ராமசாமி தீட்சிதரின் கனவு சிறுத்துப் போவதில்லை. அவர் மனம் எதைப் பற்றிக்கொண்டிருந்தது என்பதற்குச் சாட்சியாக அது இன்னும் வலுப்பெறுகிறது.

இனி அந்த மாலை. இன்று கடைகளில் தொங்கும் முத்துமாலையை நினைத்துக்கொண்டால் 1775ஆம் ஆண்டின் கனவு விளங்காது. சிப்பிக்குள் மணியும் சதைத் துண்டும் வைத்து உருண்டை முத்து வளர்க்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானில் கைகூடியது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். ஜப்பானிய முறை வருவதற்கு முன் உலகில் இருந்த நல்முத்துகள் ஏறத்தாழ எல்லாமே சிப்பியில் தானாக விளைந்தவை. சிப்பியின் மேலுறைத் திசுவுக்குள் ஒட்டுயிரோ வேறு அயற்பொருளோ புகும்போது, அந்தத் திசு பைபோல் சூழ்ந்துகொண்டு, மெல்லிய சுண்ணப் படலத்தை அடுக்கடுக்காகச் சுரக்கும். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. இருப்பவற்றிலும் பல, கடுகளவுப் பொடி முத்து.

மன்னார் வளைகுடாவில் சிப்பி படியும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். பருவம் பார்த்து, காற்று அடங்கிய மாசி பங்குனியில், தோணிகள் விடியுமுன் புறப்படும். குளியாள் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, ஆறு முதல் பத்துப் பாக ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்குவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பவர் அடுத்த கணமே கல்லை இழுத்துவிடுவார். மூச்சுத் தாங்கும் வரை கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்தால், மேலிருப்பவர் தூக்குவார். மேலே நிற்பவரின் கவனத்தில்தான் கீழே இருப்பவரின் உயிர். பெரும்பாலும் பரதவர்களும் காயல், கீழக்கரைப் பகுதி முஸ்லிம்களும் செய்த தொழில் இது. சுறாவை மந்திரத்தால் கட்டிவைப்பவர் கடல்கட்டி. கரையில் அவர் இருந்தால்தான் குளியாட்கள் இறங்குவார்கள். கொண்டுவந்த சிப்பிகளை அடைப்புக்குள் கொட்டி அழுகவிட்டு, சதை கரைந்த பின் நீரில் அலசி, அடியில் தங்கிய முத்தைப் பொறுக்குவார்கள். நாற்றமும் ஈயும் அந்தக் கரையில் வாரக்கணக்கில் இருக்கும்.

பொறுக்கிய முத்தைத் தரம் பிரிப்பது தனிக் கலை. பித்தளையால் செய்த பத்துச் சல்லடைக் கிண்ணங்கள் இருக்கும். முதலாவதில் பெரிய துளைகள் 20. கடைசியில் நுண்துளைகள் 1000. ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, எந்தக் கிண்ணத்தில் தங்கியது என்பதைக் கொண்டு பருமன் தீர்மானிப்பார்கள். பிறகு கறுப்புத் துணியிலோ சிவப்புத் துணியிலோ பரப்பி, உருண்டையும் ஒளியும் பார்ப்பார்கள். இரண்டும் குறைவின்றி இருப்பது ஆணி. அதற்குக் கீழே பல படிகள், அடிமட்டத்தில் தூள். மஞ்சாடி, கழஞ்சு என்று எடை. ஒரே பருமன், ஒரே நிறம், ஒரே உருட்சி உள்ள முத்துகள் ஒரு மாலைக்கு வேண்டுமானால், பல பருவங்களின் குளிப்பிலிருந்து சேர்க்க வேண்டும். திருவாரூர் வித்துவான் ஒருவரின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட மாலை கைக்கு வருவதற்கு அரசன் கொடுத்தாலன்றி வழியில்லை. அந்த ஆண்டில் அரசனே சிறையில் இருந்தான். முத்துக்குளிப்பு உரிமைக்காகத் தூத்துக்குடி டச்சுக்காரர்களோடு வழக்காடிக்கொண்டிருந்ததும் தஞ்சையைப் பிடித்த அதே நவாபுதான்.

முத்தின் பெருமை தமிழ் நாட்டுக்கு வந்தது கொற்கை வழியாக. தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த இந்தப் பாண்டியர் துறைமுகத்தைச் சங்கப் பாடல்கள் முத்தோடு சேர்த்தே பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ நூல், கொல்கை என்று இதன் பெயரைக் குறித்து, தண்டனை பெற்றவர்களைக் கொண்டு பாண்டியர் இங்கே முத்து எடுத்ததாகச் சொல்கிறது. ஆற்று வண்டல் சேர்ந்து கடல் ஐந்தாறு கிலோமீட்டர் பின்வாங்கிய பிறகு, காயல் தலையெடுத்தது, பின்னர் தூத்துக்குடி. 1968–69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்து எடுத்த கரியை ஆய்ந்தபோது, கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கிடைத்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை.

தமிழ் இலக்கியக் கனவுகளிலும் முத்து உண்டு. ஆண்டாள் திருமாலை மணம் புரிவதாகக் கண்ட கனவில், மத்தளம் கொட்ட, சங்கு ஊத, முத்துச் சரங்கள் தாழ்ந்த பந்தலின் கீழ் கைத்தலம் பற்றப்படுகிறாள். இசையும் முத்தும் ஒரே கனவில் சேர்ந்த இடம் அது. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி, செங்கோலும் குடையும் சாய்வதாகத் தீக்கனவு கண்ட அன்றுதான் கண்ணகி வழக்குரைக்க வருகிறாள். அந்த வழக்கு தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதால் தீர்கிறது. பாண்டியனின் சிலம்பில் வேறு எது இருக்கும்? அவன் இறந்த பின் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன்தான் மதுரைக்கு வந்து ஆட்சி ஏற்கிறான்.

இசைக்கலைஞரைப் பற்றிய கனவுகளில் தமிழில் மிகப் பெரியது பெரியபுராணத்தில் இருக்கிறது. அது ஒரு குலத்துக்கு அடைத்திருந்த கதவைத் திறந்த கனவு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். கோயிலுக்குள் செல்ல அக்காலச் சமூகம் அவரை விடவில்லை. மதுரை ஆலவாய்க் கோயில் வாயிலில் நின்று யாழ் வாசித்தார். அன்றிரவு சிவன் கனவில் வந்தது அவருக்கு இல்லை. உள்ளே இருந்த தொண்டர்களுக்கு. பாணரை உள்ளே அழைத்து வரும்படி அவர்கள் எல்லோருக்கும் கட்டளை ஆயிற்று. உள்ளே வந்து தரையில் அமர்ந்து வாசித்தவரின் யாழுக்கு ஈரத்தால் நரம்பு நெகிழும், பொற்பலகை இடுங்கள் என்று அசரீரி எழுந்தது. ஈரத்தில் நரம்புக் கருவியின் சுருதி இறங்கும் என்பது, வாத்தியம் தொட்டவர்களுக்குத் தெரிந்த விஷயம். சேக்கிழாருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அதைவிட முக்கியம், கனவு யாருக்கு வந்தது என்பது. தடுக்கப்பட்டவருக்குக் கனவு வந்திருந்தால் அது அவருடைய ஏக்கம் என்று தள்ளிவிடுவார்கள். தடுத்துக்கொண்டிருந்த பக்கத்தவருக்கு வந்தபடியால் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவந்த திருநாளைப்போவாருக்கும், தில்லை அந்தணர்களுக்கும் கனவு வந்த கதையையும் சேக்கிழாரே சொல்கிறார். அங்கே உள்ளே போவதற்கு நெருப்பில் மூழ்க வேண்டியிருந்தது. மதுரைக் கனவு அதனினும் மேலான கனவு.

மூவரில் மற்றொருவரான தியாகராசரின் வரலாற்றிலும் கனவுகள் உண்டு. தமையன் காவிரியில் எறிந்துவிட்ட ராம விக்கிரகம் எங்கே கிடக்கிறது என்பதை ராமனே கனவில் காட்டியதாகச் சொல்வார்கள். முதுமையில், மலைமேல் ராமனைக் கண்டதாகவும், பத்து நாளில் தன்னை ஏற்பதாக அவன் உறுதி சொன்னதாகவும் சகானா ராகத்தில் ‘கிரிபை’ என்று தொடங்கும் கீர்த்தனையில் பாடினார். துறவு ஏற்று, 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் மறைந்தார்.

மேலை நாட்டில் இசைக்கனவு வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. இத்தாலிய வயலின் கலைஞர் ஜூசெப்பே தார்த்தினி 1713இல் ஒரு கனவு கண்டதாகப் பின்னாளில் வானியலறிஞர் லாலாந்திடம் சொன்னார். லாலாந்து அதை 1769இல் தம் பயண நூலில் வெளியிட்டார். கனவில் சாத்தான் அவருக்கு ஏவலாளாகிறான். வயலினை அவன் கையில் கொடுத்துப் பார்த்தால், மூச்சு நிற்கும்படி ஓர் இசையை வாசிக்கிறான். விழித்தெழுந்து வயலினை எடுத்து அதைப் பிடிக்கப் பார்த்தார். பிடிபட்டது ஒரு பகுதிதான். ‘சாத்தானின் கமகம்’ என்று வழங்கும் அந்த சொனாட்டா தம் படைப்புகளில் சிறந்தது என்றாலும், கேட்டதற்கு அது ஈடே இல்லை என்று வருந்தினார். நம் காலத்தில் பால் மெக்கார்ட்னி லண்டனில் ஒரு காலை, மெட்டு முழுவதும் தலையில் ஒலிக்க விழித்தார். வேறு யாருடைய பாட்டோ என்று பயந்து பலரிடம் பாடிக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது 1965இல் ‘யெஸ்டர்டே’ ஆக வெளிவந்தது. இவ்விருவருக்கும் கனவில் கிடைத்தது இசையே. காண்பவரும் கலைஞர், பயனும் அவருக்கே. விழித்ததும் எவ்வளவு மிஞ்சியது என்பதே அவர்கள் கவலை. தமிழ் மரபில் கனவு பெரும்பாலும் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. பாணரை உள்ளே அழைத்து வா, விக்கிரகத்தைத் தேடி எடு, மாலையை வாங்கிக்கொள். வாங்கியவர் அதன்பின் என்ன செய்தார் என்பதே கதை.

ராமசாமி தீட்சிதர் செய்தது, கிடைத்த மகனுக்குத் தம் வித்தை முழுவதையும் கொடுத்தது. வேங்கடமகியின் வழிவந்த ராக முறையை அவர் குருகுலத்தில் கற்றவர். அதை மகன் மூலம் நிலைநிறுத்தினார். பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அழைக்க, குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குப் போயிற்று. அங்கே வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞர் முத்துசாமியைக் காசிக்கு அழைத்துப் போகக் கேட்டார். நாற்பது வயதில் தவம் கிடந்து பெற்ற பிள்ளையை அனுப்புவது எளிதா? தயங்கித்தான் அனுப்பினார். காசியில் கங்கைப் படியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வீணையில், யாளி முகம் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். இராம நாமம் நாகரி எழுத்தில் இருக்கும் என்பது குடும்ப மரபு. திரும்பி வந்து திருத்தணியில் தியானத்தில் இருந்தபோது, ஒரு முதியவர் வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்பார்கள். கண் விழித்தும் நாவில் இனிப்பு இருந்தது. மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பிறந்தது அப்போதுதான். தந்தைக்குக் கண்ணுக்குத் தெரிந்த மாலை, மகனுக்கு நாவில் கரைந்த கற்கண்டு. முருகனைக் குறிக்கும் குருகுக முத்திரை அவர் கீர்த்தனைகளில் நிலைத்தது.

தந்தை விரதம் இருந்த சந்நிதியையும் அவர் பாடினார். கல்யாணியில், கானடாவில், நாட்டக்குறிஞ்சியில், கேதாரகௌளையில் என்று பாலாம்பிகை மேல் அவர் செய்த கீர்த்தனைகள் வேற்றுமை உருபுகளை வரிசையாக எடுத்துக்கொண்டு அமைந்தவை. அந்தத் தலத்துச் செவ்வாயைச் சுரட்டியில் பாடினார். அந்தப் பாடல்களில் குழந்தைக்காகத் தவம் இருந்த தம்பதியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் இல்லை. தம் வீட்டுச் செய்தியைப் பாட்டில் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை. தலம், தெய்வம், தத்துவம், ராகப் பெயர், முத்திரை ஆகியவற்றுக்குத்தான் அவர் கீர்த்தனையில் இடம்.

எட்டயபுரத்துக்கு முதலில் போனவர் பாலுசாமி தீட்சிதர். மணலியில் இருந்தபோது ஐரோப்பிய வித்துவான் ஒருவரிடம் வயலின் கற்று, நம் இசைக்கு அதைப் பழக்கியவர் அவர். தார்த்தினியின் கருவி கர்நாடகக் கச்சேரி மேடைக்கு வந்த வழிகளில் அது முதன்மையானது. சென்னைக் கோட்டையின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு முத்துசாமி சமஸ்கிருதச் சொற்கள் அமைத்த நோட்டுஸ்வரங்களும் அந்தக் காலத் தொடர்பின் விளைவே. நடு அண்ணன் சின்னசாமி 1823இல் மறைந்தார். பின்னர் எட்டயபுர மன்னர் பாலுசாமியை அரண்மனை வித்துவானாக ஆக்கிக்கொண்டார். தம்பியைத் தேடிப் புறப்பட்ட முத்துசாமி, வறண்டு வெடித்த கரிசல் நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை பெய்தது என்பது எட்டயபுரம் வட்டாரத்தார் எல்லோரும் அறிந்த செய்தி.

1835 தீபாவளிக்கு முன் அவருக்கு அன்னபூரணியின் காட்சி கிடைத்ததாகவும், அன்னபூரணி தோன்றும்போது முடிவு வரும் என்று காசியில் சிதம்பரநாத யோகி சொல்லியிருந்ததாகவும் மரபு. புன்னாகவராளியில் ‘ஏஹி அன்னபூர்ணே’ அந்த வேளையில் பாடியது என்பார்கள். தீபாவளியன்று பூசை முடித்து, சீடர்களைக் கமகக்கிரியா ராகத்து ‘மீனாட்சி மே முதம்’ பாடச் சொல்லி, கேட்டுக்கொண்டே உயிர் நீத்தார். சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. தீபாவளி நாளில் இசைக்கலைஞர்கள் இன்றும் அந்தக் கீர்த்தனையைப் பாடுகிறார்கள்.

நான்கு ஆண்டு கழித்துப் பிறந்த சுப்பராம தீட்சிதர் சிறு பிள்ளையாக எட்டயபுரம் வந்தார். தாத்தாவிடம் வீணையும் பாட்டும் கற்றார். குடும்பச் சொத்தாகக் காத்த கீர்த்தனைகளை அச்சில் தர அவருக்கு முதலில் மனம் இல்லை. நம் இசையை ஐரோப்பிய சுரக்குறிப்பில் வெளியிட்டுவந்த சின்னசாமி முதலியார், பார்வை மங்கிய நிலையிலும் விடாமல் வற்புறுத்தினார். எட்டயபுர மன்னர் செலவை ஏற்றார். ஊரிலிருந்த வித்தியா விலாசினி அச்சகத்தில், சுரத்துக்கு மேல் கமகக் குறி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் வைத்து, தெலுங்கு எழுத்தில் சுமார் 1,700 பக்கங்கள் கோக்கப்பட்டன. முத்துசாமி தீட்சிதரின் 200க்கு மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. முத்துமாலைக் கனவை வாங்கிய குடும்பம், மூன்றாம் தலைமுறையில் அதற்குக் கொடுத்த கணக்கு அந்த நூல்.

சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தார். அவர் மறைவுக்கு இரங்கல் பாடியவர், அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி. நான்கு ஆண்டு கழித்துத் தம் சொந்தக் கதையைப் பாட்டாக எழுதியபோது அதற்குக் ‘கனவு’ என்று பெயர் வைத்தார். தெலுங்கு எழுத்துத் தெரியாதவர்களுக்கு எட்டாமல் இருந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை, சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நின்றதும் அதே ஆண்டில்தான்.